டிசிபி ஒப்புகை வந்துவிட்டால் தகவல் சேர்ந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாமா?

மார்ச் 4, காலை (வாசகர் கேள்வி)

"டிசிபி என்றாலே உத்தரவாதம்தானே? பாக்கெட் தொலைந்தால் திரும்ப அனுப்பும், வரிசை மாறி வந்தால் அடுக்கிக் கொடுக்கும். நம்ப முடியாதது யூடிபிதான். அப்புறம் எதற்கு டிசிபிக்கு மேல் நாமே தனியாக ஒரு ஒப்புகை எழுத வேண்டும் என்கிறார்கள்? இரட்டை வேலை இல்லையா?"

மார்ச் 4, இரவு

இரட்டை வேலை இல்லை. புதிதாகப் படிப்பவர்களுக்கு: டிசிபி, யூடிபி இரண்டும் கணினிகள் வலை வழியாகப் பேசிக்கொள்ளும் விதிமுறைகள், பாக்கெட் என்பது அனுப்பும் தகவலின் ஒரு துண்டு, ஒப்புகை என்பது "வந்து சேர்ந்தது" என்ற பதில். சில வருடங்களுக்கு முன்பு நானும் இதே கேள்வியைத்தான் கேட்டிருப்பேன், அதனால் எனக்கு நடந்ததையே சொல்கிறேன்.

கிராமத்துப் பால் சொசைட்டிகளில் வைக்கிற ஒரு சின்னப் பெட்டிக்கு நிரல் எழுதிக்கொண்டிருந்தேன். பால் ஊற்ற வருபவரின் உறுப்பினர் எண், எத்தனை லிட்டர், கொழுப்பு, எஸ்என்எஃப் (பாலில் கொழுப்பு தவிர்த்த திடப்பொருள்) எல்லாவற்றையும் வாங்கி, கையோடு ஒரு துண்டுச் சீட்டு அச்சடித்துக் கொடுத்துவிட்டு, உள்ளே இருக்கிற சிம் வழியாக சர்வருக்கு அனுப்பும். டிசிபி இணைப்பு. சாக்கெட்டில் (நிரல் இணைப்புக்குள் தகவலைப் போடுகிற வாய்) எழுது, பிழை எதுவும் வரவில்லையென்றால் பெட்டியின் நினைவகத்திலிருந்து அந்தப் பதிவை அழித்துவிடு. இவ்வளவுதான் நான் எழுதியிருந்தது, அதில் சந்தேகமே எனக்கு வரவில்லை.

மாதக் கடைசியில் மூன்று சொசைட்டிகளில் கணக்கு இடித்தது. ஒரு அம்மாவுக்கு நான்கு வேளைப் பால் சர்வரில் இல்லவே இல்லை. துண்டுச் சீட்டுகளைச் சேலை முந்தானையில் முடிந்து வைத்திருந்ததால் அவருக்குப் பணம் கிடைத்தது. சீட்டை வைத்துக்கொள்ளாதவர்கள் எத்தனை பேர் என்று யோசித்து அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. டிசிபி அந்தப் பதிவுகளைத் தொலைத்துவிட்டது.

மார்ச் 5, காலை

நேற்று எழுதியதில் கடைசி வாக்கியம் தவறு, அதை முதலில் திருத்துகிறேன். டிசிபி எதையும் தொலைக்கவில்லை. டிசிபி சொல்லாத ஒன்றை அது சொன்னதாக நான் எடுத்துக்கொண்டேன்.

சாக்கெட்டில் எழுதும்போது பிழை வராமல் திரும்பினால், நம் தகவல் நம் பெட்டியின் கெர்னலில் (இயங்குதளத்தின் மையப் பகுதி) இருக்கிற பஃபருக்குள் (தற்காலிக நினைவிடம்) போய்விட்டது என்பது மட்டும்தான் பொருள். அது இன்னும் வாசலைக்கூடத் தாண்டியிருக்காது. அதற்குப் பிறகுதான் கெர்னல் அதைத் துண்டாக்கி, வரிசை எண் போட்டு அனுப்பி, எதிர்ப்பக்கத்து ஒப்புகைக்காகக் காத்திருக்கிறது. ஒப்புகை வராவிட்டால் திரும்ப அனுப்புகிறது, அப்புறமும் வராவிட்டால் இரண்டு மடங்கு நேரம் காத்திருந்து மறுபடி அனுப்புகிறது. லினக்ஸில் வழக்கமான அமைப்பில் 15 முறை இப்படி முயன்று, குறைந்தது 15 நிமிடம் கழித்துத்தான் கைவிட்டு நிரலிடம் பிழை சொல்லும். நான் அந்தப் பதிவை அழித்து அதற்குள் 15 நிமிடம் ஆகியிருக்கும்.

சரி, ஒப்புகை ஏன் வரவில்லை? காணாமல் போன பதிவுகளை வரிசையாக எழுதிப் பார்த்தபோது எல்லாமே கடைசியில் பால் கொண்டுவந்தவர்களுடையவை. அந்த அம்மா மேட்டுக்காட்டிலிருந்து நடந்து வருபவர். ஆறரை மணிக்குக் கூட்டமாக ஊற்றும்போது பதிவுகள் அடுத்தடுத்துப் போய்க்கொண்டே இருக்கும், இணைப்பும் உயிரோடு இருக்கும். கடைசி நான்கைந்து பேர் பத்து நிமிடம், பதினைந்து நிமிடம் இடைவெளி விட்டு வருவார்கள். சிம்முக்குக் கிடைப்பது தனிப்பட்ட பொது முகவரி இல்லை. மொபைல் நிறுவனத்தின் நாட் கருவி ஒரே பொது முகவரியைப் பலருக்குப் பங்கிட்டுக் கொடுத்து, எந்த இணைப்பு யாருடையது என்று ஒரு அட்டவணை வைத்திருக்கிறது. கொஞ்ச நேரம் பேச்சில்லை என்றால் அந்த வரியை அழித்துவிடுகிறது, இரண்டு பக்கத்துக்கும் சொல்வதில்லை. நாங்கள் பயன்படுத்திய இணைப்பில் ஐந்து நிமிடத்துக்குப் பக்கத்தில் அழிந்ததை அளந்து பார்த்தேன். அதற்குப் பிறகு பெட்டி அனுப்பிய பாக்கெட்டுகள் எல்லாம் அங்கேயே கீழே விழுந்தன. எட்டரை மணிக்குச் செயலாளர் சுவிட்சை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போவார், கெர்னல் பஃபரும் அதோடு போய்விடும்.

மார்ச் 5, மதியம்

கீப்அலைவ் (பேச்சில்லாதபோதும் இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க அனுப்பும் சின்னப் பாக்கெட்) போட்டிருக்கலாமே என்று கேட்டவருக்கு: போட்டிருந்தோம். வழக்கமான அமைப்பில் முதல் கீப்அலைவ் போவது 2 மணி நேர மௌனத்துக்குப் பிறகு. 2008-இல் வந்த ஆர்எஃப்சி 5382 (இணைய விதிமுறை ஆவணங்களில் ஒன்று), நாட் கருவிகள் டிசிபி இணைப்பை 2 மணி 4 நிமிடத்துக்கு முன்னால் மறக்கக் கூடாது என்கிறது, அந்த 4 நிமிடம் இந்தக் கீப்அலைவுக்காகவே சேர்த்தது. ஆனால் நாங்கள் மாட்டிய இடத்தில் அது பின்பற்றப்படவில்லை. இப்போது 2 நிமிடத்துக்கு ஒருமுறை அனுப்புகிறோம். அது இணைப்பு சாகாமல் பார்த்துக்கொள்ள உதவுகிறது, தகவல் சேர்ந்ததா என்ற கேள்விக்குப் பதில் ஆகாது.

மார்ச் 6

"நடுவில் இருக்கிற ரூட்டர்களே பொறுப்பேற்றுக்கொண்டால் இந்தத் தொல்லை எல்லாம் எதற்கு?" நல்ல கேள்வி, எனக்கு மிகவும் பிடித்த பகுதியும் இதுதான்.

ரூட்டர் செய்கிற வேலையை முதலில் பார்ப்போம். பாக்கெட் வருகிறது. சேருமிட முகவரியைப் பார்க்கிறது. தன் அட்டவணையில் அந்த முகவரியோடு அதிக பிட்டுகள் பொருந்துகிற வரி எது என்று தேடி, அது காட்டுகிற பக்கம் தள்ளிவிடுகிறது. தள்ளும்போது டிடிஎல் எண்ணில் (இன்னும் எத்தனை ரூட்டர் தாண்டலாம் என்ற கணக்கு) ஒன்றைக் குறைக்கிறது, பூஜ்யமானால் எறிந்துவிடுகிறது, இல்லாவிட்டால் அட்டவணைக் கோளாறால் சுற்றில் மாட்டிய பாக்கெட் நிற்காமல் சுற்றிக்கொண்டே இருக்கும். போகிற பக்கம் வரிசை நிரம்பியிருந்தால் அப்போதும் எறிந்துவிடுகிறது. எந்த இணைப்பு, யாருடைய பால், எதுவும் அதற்குத் தெரியாது, அடுத்த நொடி ஞாபகமும் இருக்காது. ஞாபகம் இல்லாததால்தான் ஒரு ரூட்டர் செத்தாலும் வேறு வழியில் போக முடிகிறது, அந்த ரூட்டரோடு சேர்ந்து இணைப்பு சாவதில்லை.

எல்லா ரூட்டரும் தன் வேலையைச் சரியாகச் செய்தும் தகவல் சேராமல் போவதற்கு 2008 பிப்ரவரி 24-ஐ நினைத்துப் பாருங்கள். பாகிஸ்தானில் யூடியூபைத் தடுக்க உத்தரவு. பாகிஸ்தான் டெலிகாம் 208.65.153.0/24 (முதல் 24 பிட் இதோடு பொருந்துகிற முகவரிகள் எல்லாம்) தன்னிடம் இருப்பதாக அறிவித்தது, உள்நாட்டோடு நிற்க வேண்டிய அந்த அறிவிப்பு மேலே இருந்த நிறுவனம் வழியாக உலகம் முழுக்கப் பரவிவிட்டது. யூடியூப் அறிவித்திருந்தது /22. 24 பிட் பொருந்துவது 22 பிட் பொருந்துவதைவிட அதிகம், எனவே ரூட்டர்கள் விதிப்படி பாகிஸ்தான் பக்கம் தள்ளின. யூடியூப் தானும் /24-உம் அதைவிட நுணுக்கமாக /25-உம் அறிவித்துப் போராடியது. சுமார் 2 மணி நேரம் கழித்துத்தான் முழுதும் சரியானது.

மார்ச் 8

ரூட்டரே உத்தரவாதம் தரும் வலை இருந்ததே இல்லை என்கிற மாதிரி மேலே எழுதிவிட்டேன். இருந்தது. 1976-இல் தரநிலையான எக்ஸ்.25, ஒவ்வொரு தாவலிலும் (வழியில் ஒரு கருவியிலிருந்து அடுத்ததற்கு) சரிபார்த்து, தொலைந்ததைத் திரும்ப அனுப்பி, வரிசையாகக் கொடுப்பது. தொலைபேசி நிறுவனங்களுக்கு அதுதான் இயல்பாகப் பட்டது. பிரான்சில் லூயி பூசான் கட்டிய சைக்லேட்ஸ் வலை எதிர்த்திசையில் போனது: வலை பாக்கெட்டைத் தள்ளினால் போதும், வரிசையும் நம்பகமும் இரண்டு முனையிலும் இருக்கிற கணினிகளின் வேலை. வின்டன் செர்ஃப், ராபர்ட் கான் 1974-இல் டிசிபியை முன்வைத்து எழுதிய கட்டுரை அந்த வழியைத்தான் எடுத்துக்கொண்டது. இணையத்தின் முன்னோடியான ஆர்பாநெட் 1983 ஜனவரி 1 அன்று டிசிபி, ஐபிக்கு (பாக்கெட்டுக்கு முகவரி போடும் விதிமுறை) மாறியது.

ஒவ்வொரு தாவலிலும் சரிபார்த்தால்கூட ஏன் போதாது என்பதற்கு எம்ஐடியில் நடந்த ஒன்று இருக்கிறது. சால்ட்சர், ரீட், கிளார்க் மூவரும் தங்கள் கட்டுரையில் அதைப் பதிந்திருக்கிறார்கள். அங்கே பல வலைகளை இணைத்த கேட்வே கணினிகளில், ஒன்றிலிருந்து அடுத்ததற்குப் போகிற பாக்கெட்டுகளுக்கு செக்சம் (தகவல் கெட்டதா என்று பார்க்கச் சேர்க்கும் சரிபார்ப்பு எண்) இருந்தது. அதனால் வழி நெடுகப் பாதுகாப்பு இருப்பதாக எல்லாரும் நம்பினார்கள். ஒரு கேட்வே மட்டும், உள்ளே வரும் பஃபரிலிருந்து வெளியே போகும் பஃபருக்கு நகலெடுக்கும்போது, பத்து லட்சம் பைட்டுக்கு ஒருமுறை என்கிற அளவில் இரண்டு பைட்டுகளை இடம் மாற்றிப் போட்டது. கம்பியில் போகும்போது எல்லாம் சரி, கெட்டது கேட்வேயின் வயிற்றுக்குள். அந்த வழியாகப் போய் வந்த ஒரு இயங்குதளத்தின் மூல நிரல்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் கெட்டுப்போயின. பழைய அச்சுப் பிரதிகளை எடுத்து வைத்து, ஒவ்வொரு வரியாகக் கையால் ஒப்பிட்டுத் திருத்த வேண்டியிருந்தது.

இதைப் படித்தபோது எனக்கு அந்த முந்தானை முடிச்சுத்தான் ஞாபகம் வந்தது.

மார்ச் 8, இரவு

இன்று அப்படி எல்லாம் நடக்காது என்று நினைக்க வேண்டாம். 2000-ஆம் ஆண்டு ஸ்டோன், பார்ட்ரிட்ஜ் என்ற ஆய்வாளர்கள் உண்மையான வலைப் போக்குவரத்தை அளந்து வெளியிட்டார்கள். கம்பி மட்டத்துச் சோதனையில் தேறி வந்த பாக்கெட்டுகளிலேயே 1,100-இல் ஒன்றிலிருந்து 32,000-இல் ஒன்று வரை டிசிபி செக்சத்தில் தோற்றன. டிசிபி செக்சம் வெறும் 16 பிட் கூட்டல்தான். இரண்டு 16 பிட் சொற்கள் இடம் மாறினால் கூட்டுத்தொகை மாறாது, பிழை கண்ணில் படவே படாது.

மார்ச் 9

கேள்விக்குத் திரும்புகிறேன். ஒப்புகை என்று ஒரே சொல்லைச் சொன்னாலும் அதை யார் கொடுக்கிறார் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. டிசிபி ஒப்புகையைக் கொடுப்பது எதிர்ப்பக்கத்துக் கெர்னல். பதிவுத் தபாலை வீட்டு வாசலில் யாரோ கையெழுத்துப் போட்டு வாங்கிவிட்டார், அவ்வளவுதான், உரியவர் பிரித்துப் படித்தாரா என்பது வேறு. ஒரு நாள் எங்கள் சர்வரில் டிஸ்க் நிரம்பி டேட்டாபேஸ் எழுத மறுத்தது. அன்று மாலை வேளை முழுக்க எல்லாப் பெட்டிகளுக்கும் டிசிபி ஒப்புகை ஒழுங்காகப் போயிருக்கிறது, ஒரு பதிவும் சேமிக்கப்படவில்லை.

அதற்குப் பிறகு மாற்றினோம். டேட்டாபேஸில் எழுதி முடித்த பிறகு சர்வர் நிரலே "இந்த எண் பதிவு பெற்றேன்" என்று பதில் அனுப்பும். அது வரும்வரை பெட்டி அழிக்காது. மின்சாரம் போனாலும் பதிவு ஃபிளாஷில் இருக்கும், அடுத்த வேளை பெட்டியை ஏற்றும்போது அனுப்பும்.

அடுத்த மாதம் எதிர்ப்பக்கச் சிக்கல். சிலருக்கு ஒரே வேளைப் பால் இரண்டு முறை ஏறியிருந்தது. சர்வர் சேமித்துவிட்டது, "பெற்றேன்" என்ற பதில் வழியில் தொலைந்தது, பெட்டி திரும்ப அனுப்பியது. பதிவு தொலைந்ததா பதில் தொலைந்ததா என்று பெட்டிக்குத் தெரிய வழியே இல்லை, எத்தனை ஒப்புகை சேர்த்தாலும் கடைசி ஒப்புகை சேர்ந்ததா என்ற சந்தேகம் மிச்சம் இருக்கும். 1978-இல் ஜிம் கிரே இதை இரண்டு தளபதிகள் சிக்கல் என்று பெயரிட்டு எழுதினார். தீர்வு என்று சொல்லக் கூடாது, சமாளிப்பு: பெட்டி எண்ணும் தொடர் எண்ணும் சேர்ந்த சாவி, அதாவது ஒவ்வொரு பதிவுக்கும் ஒரு தனி அடையாளம். அதே சாவி மறுபடி வந்தால் சேமிக்காதே, ஆனால் "பெற்றேன்" என்று மறுபடி சொல். அந்தக் கடைசிப் பாதியை விட்டுவிட்டால் பெட்டி ஓயாமல் அனுப்பிக்கொண்டே இருக்கும்.

மார்ச் 10

மேலே சொன்ன சாவி போதாது என்று எழுதியிருக்கிறீர்கள். உண்மை, எனக்கும் பின்னால்தான் தெரிந்தது. ஒரு சொசைட்டியில் பெட்டியின் போர்டை மாற்றினார்கள், தொடர் எண் 1-இலிருந்து தொடங்கியது. சர்வர் அவற்றை எல்லாம் பழைய பதிவு என்று நினைத்து "பெற்றேன், பெற்றேன்" என்று சொல்லி ஒதுக்கிவிட்டது. டிசிபியை வடிவமைத்தவர்கள் இதை அப்போதே யோசித்திருக்கிறார்கள். இணைப்பு ஒவ்வொரு முறையும் 0-இலிருந்து தொடங்கினால் முந்தைய இணைப்பின் பாக்கெட் தாமதமாக வந்து புதியதில் கலந்துவிடும். அதனால் 1981-இன் ஆர்எஃப்சி 793, தொடக்க எண்ணை 4 மைக்ரோவிநாடிக்கு ஒருமுறை ஏறுகிற கடிகாரத்திலிருந்து எடுக்கச் சொன்னது, ஒரு சுற்று முடிய நாலரை மணி நேரத்துக்கு மேல். எங்கள் பெட்டி இப்போது நினைவகம் காலியாகத் தொடங்கினால் முதலில் சர்வரிடம் ஒரு புதுத் தலைமுறை எண் கேட்டு வாங்குகிறது, சாவியில் அதுவும் சேரும்.

மார்ச் 11

திரும்ப அனுப்புவதைப் பற்றிச் சொல்லிவிட்டு இதைச் சொல்லாமல் விடக் கூடாது. ஒரு காலை ஏழு மணிக்கு சர்வரை நிறுத்தி ஏற்ற வேண்டி வந்தது. 90 பெட்டிகள். பதில் வராவிட்டால் 5 விநாடிக்கு ஒருமுறை திரும்ப அனுப்பு என்று நான் எழுதியிருந்தேன். சர்வர் எழுந்த உடனே தொண்ணூறும் தங்களிடம் தேங்கியிருந்த அத்தனை பதிவுகளையும் கொட்டின. சர்வர் திணறி, பதில் 5 விநாடிக்கு மேல் ஆனது. பெட்டிகள் அதே பதிவுகளை மறுபடி கொட்டின. ஒன்பதரை மணி வரை சர்வர் முழு வேகத்தில் ஓடியது, செய்த வேலையில் பெரும்பாதி ஏற்கெனவே சேமித்ததை ஒதுக்கிய வேலை.

1986 அக்டோபரில் இணையமே இப்படி விழுந்தது. லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கும் நடுவே தூரம் 400 கஜம், இரண்டே தாவல். விநாடிக்கு 32,000 பிட் போன வழியில் 40 பிட் போனது. வரிசை நிரம்பி பாக்கெட் தாமதமானது, தாமதமானதைத் தொலைந்துவிட்டது என்று நினைத்துக் கணினிகள் திரும்ப அனுப்பின, அதனால் வரிசை இன்னும் நிரம்பியது. வான் ஜேக்கப்சன் 1988-இல் எழுதிய கட்டுரையில் தந்த மருந்துகள்தான் இன்றும் டிசிபிக்குள் இருக்கின்றன. ஒப்புகை வர எவ்வளவு நேரமாகிறது என்பதோடு அது எவ்வளவு ஏறி இறங்குகிறது என்பதையும் அளந்து காத்திரு. மெதுவாகத் தொடங்கு. பாக்கெட் தொலைந்தால் வழியில் நெரிசல் என்று எடுத்துக்கொண்டு வேகத்தைக் குறை. ரூட்டர் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை, எறிவது மட்டுமே அதன் பேச்சு, அதை முனைக் கணினிகள் கேட்டு விட்டுக்கொடுக்கின்றன. பொது வழியை இத்தனை கோடிப் பேர் பங்கிட்டுக்கொள்வது அந்த விட்டுக்கொடுப்பால்தான் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் நெகிழ்ச்சியாக இருக்கிறது.

டிசிபிக்குள் இவ்வளவு இருந்தும், அதற்கு மேல் நான் எழுதிய 5 விநாடி அத்தனையையும் கெடுத்தது. இப்போது 5, 10, 20 என்று இரட்டிப்பாகிறது, ஒவ்வொன்றிலும் தற்செயலாகக் கொஞ்சம் கூட்டிக் குறைத்து, எல்லாப் பெட்டியும் ஒரே நேரத்தில் கதவைத் தட்டாதபடி.

மார்ச் 15

கொஞ்சம் விலகிப் போகிறேன். சிம் சரியாக எடுக்காத ஒரு சொசைட்டியில் பிராட்பேண்ட் போட்டார்கள். பால் பதிவுகள் போகின்றன, பதிலும் வருகிறது, ஆனால் பெட்டிக்கான புது மென்பொருளை இறக்கினால் மட்டும் தொடங்கிய இடத்திலேயே நிற்கும். மூன்று நாள் கம்பியையும் மோடத்தையும் மாற்றிக்கொண்டிருந்தோம்.

சாதாரண ஈதர்நெட்டில் ஒரு பாக்கெட் 1,500 பைட் வரை போகலாம். அந்த பிராட்பேண்டில் பிபிபிஓஇ (பிராட்பேண்ட் இணைப்பு விதிமுறை) தலைப்புக்கு 8 பைட் போய்விடும், மிச்சம் 1,492. சர்வர் 1,500 பைட் பாக்கெட்டை "துண்டாக்காதே" என்ற குறியோடு அனுப்புகிறது. வழியில் ஒரு ரூட்டர் நுழையாது என்று கண்டு எறிந்துவிட்டு, ஐசிஎம்பி (வலைக் கருவிகள் பிழையைத் தெரிவிக்கும் விதிமுறை) வழியாக "பெரிது, 1,492-க்குள் அனுப்பு" என்று சொல்கிறது. அந்தச் செய்தி எங்கள் சர்வர் வாசலிலேயே தடுக்கப்பட்டது, ஏனென்றால் பாதுகாப்பு என்று சொல்லி ஐசிஎம்பி முழுவதையும் நாங்களே அடைத்திருந்தோம். சர்வர் அதே 1,500-ஐத் திரும்பத் திரும்ப அனுப்பியது. பால் பதிவுக்கான பதில் நூறு பைட்கூட இல்லை, அதனால் அது தடையில்லாமல் போனது. சின்னது போகிறது, பெரியது நிற்கிறது என்றால் கம்பியைத் தொடும் முன் இதைப் பாருங்கள்.

மார்ச் 6, 11 நாட்களில் ரூட்டர் எறியும்போது யாரிடமும் சொல்லாது என்கிற தொனியில் எழுதியது இதனால் முழு உண்மை இல்லை. வரிசை நிரம்பினால் பெரும்பாலும் சொல்லாது. பெரிதாக இருந்தால், டிடிஎல் முடிந்தால் சொல்லும்.

மார்ச் 16

யூடிபியில் எழுதியிருக்கலாமா? எழுதலாம். நம்பகத்தை மேலே நாமே கட்ட வேண்டும். 2021-இல் ஆர்எஃப்சி 9000 ஆக வந்த குவிக் அதைத்தான் செய்கிறது, யூடிபி மேல் ஒப்புகை, வரிசை, நெரிசல் கட்டுப்பாடு எல்லாம். ஆனால் குவிக்கின் ஒப்புகையும் உங்கள் டேட்டாபேஸைப் பற்றி எதுவும் சொல்லாது.

மார்ச் 20

ஒரு சொசைட்டிச் செயலாளர், நான் எத்தனை முறை தேவையில்லை என்று சொன்னபோதும், வேளை முடிந்ததும் நோட்டில் மொத்த லிட்டரைக் கூட்டி எழுதி, சர்வர் காட்டுகிற மொத்தத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பார். மார்ச் 9 அன்று சொன்ன மாற்றம் எல்லாம் வந்து பல மாதம் கழித்து அவர் போன் செய்தார். 0.4 லிட்டர் இடிக்கிறது.

எல்லாப் பதிவும் வந்திருந்தன, எல்லாவற்றுக்கும் ஒப்புகை போயிருந்தது, செக்சம் எல்லாம் சரி. ஒவ்வொன்றாகச் சீட்டுகளோடு ஒப்பிட்டதில் ஒருவருடைய சீட்டில் 6.2, சர்வரில் 5.8. பெட்டி 6.2-ஐ 62 என்ற முழு எண்ணாக வைக்கும். 62 இரும எண்ணில் 111110, 58 என்றால் 111010. ஒரே ஒரு பிட். சீட்டு அச்சான பிறகு, பாக்கெட்டாக ஆவதற்கு முன்பு, பெட்டியின் மெமரிக்குள் விழுந்திருக்கிறது. கெட்டுப்போன எண்ணுக்குத்தான் டிசிபி பத்திரமாக செக்சம் போட்டு அனுப்பியது.

அந்த மெமரியை மாற்றினோம், அந்த உறுப்பினர் கணக்கில் 0.4 லிட்டர் ஏற்றினோம். இப்போது எல்லாப் பெட்டிகளும் எடை வந்த நொடியிலேயே தனியாக ஒரு மொத்தம் கூட்டிக்கொண்டே வந்து, வேளை முடிந்ததும் எண்ணிக்கையையும் மொத்த லிட்டரையும் கடைசிப் பதிவாக அனுப்புகின்றன, சர்வர் தன் மொத்தத்தோடு ஒப்பிடுகிறது. அந்தச் செயலாளரிடம் இதைச் சொன்னேன். நல்லது என்றார். நோட்டை இன்னும் எழுதுகிறார், நானும் நிறுத்தச் சொல்வதில்லை.